மைக்செட்டின் குரல்

காது மெஷின் வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. குழாயில் தண்ணீர் சொட்டுவது, பிளாஸ்டிக் பை கசங்குவது, தன் செருப்பே தரையில் தேய்வது என்று எல்லாமே அவளுக்குக் கேட்டது. புருஷன் குரல் மட்டும் கேட்கவில்லை. அந்தக் குரலை மறுபடி கேட்கலாம் என்றுதான் அவள் மெஷினுக்கே சம்மதித்திருந்தாள்.

அவளுக்கு முதலில் தெரிந்தது குரல்தான். ஆளை அப்புறம்தான் தெரியும். மில் வாசலில் ஷிப்ட் முடிந்து அவர் பேசிக்கொண்டு வரும்போது அது தெருக்கோடியில் போகிறவனையும் திரும்பிப் பார்க்க வைக்கும். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் மைக்செட். உள்ளே தறிகள் ஓடும்போது மட்டும் மைக்செட்டுக்கும் வேலையில்லை. அந்தச் சத்தத்தில் தொண்டையைக் கிழித்துக்கொள்வது வீண் என்று எல்லோரும் வாயை மட்டும் அசைப்பார்கள். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். அவர் கல்யாணப் பேச்சை எடுத்ததும் அப்படித்தான், இரண்டு தறிகளுக்கு அப்பால் நின்று. அதைப் பக்கத்துத் தறிக்காரிகளும் படித்துவிட்டுச் சிரித்தார்கள்.

அந்தத் தறிச் சத்தம்தான் மெல்ல மெல்ல அவள் காதைத் தின்றது.

சனிக்கிழமைகளில் நூலகத்தின் பின்னறையில் காது மந்தமானவர்கள் கூடுவார்கள். அங்கே ஒரு தையல்காரர், தன் இரண்டு காதிலும் மெஷினோடு, மற்றவர்களின் மெஷினைத் துடைத்து, பாட்டரி மாற்றிக் கொடுப்பார். அவர் முன்னால் அவள் பெட்டியைத் திறந்து வைத்தாள். பின்னால் புருஷன் நின்றார்.

"இது ரிப்பேருங்க," என்றாள்.

தையல்காரர் சோதித்துப் பார்த்து அவள் காதிலேயே மாட்டிவிட்டார். ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"நான் பேசுறது கேக்குதாம்மா?"

"நல்லாக் கேக்குது."

"அப்ப யார் பேசுறது கேக்கல?"

"இவரு பேசுறதுதான். முதல்ல வீட்டுக்குள்ளயே போட்டுப் பழகச் சொன்னாங்க. வீட்ல நாங்க ரெண்டே பேரு."

"பேசும்போது குழாய், டிவி எல்லாத்தையும் நிறுத்துறீங்களா? அடுத்த ரூம்ல இருந்து கத்தக் கூடாது. தோளைத் தொட்டுட்டு, முகம் பார்த்துப் பேசணும்."

"அதெல்லாம் ஒரு குறையும் இல்ல. இவரு சொல்றது ஒண்ணு விடாமப் புரியுது. கேக்கத்தான் மாட்டேங்குது."

தையல்காரர் நிமிர்ந்தார். "ஐயா, வீட்ல பேசுற மாதிரியே ஏதாவது சொல்லுங்க."

புருஷன் அவள் தோளைத் தொட்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு, உதடுகளை நிதானமாக அசைத்தார்.

"மழை வர்றதுக்குள்ள கிளம்பணுமாம்," என்றாள் அவள். "பாருங்க, கேக்குதா?"

"எனக்கும் கேக்கலம்மா. அப்ப என் மெஷினும் ரிப்பேர்தான்!"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். புருஷன் சிரிக்கவில்லை. தன் தொண்டையில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார், அங்கே எதையோ தொலைத்தவர் போல. ஒன்றையே அவளிடம் இரண்டு மூன்று தடவை திருப்பிச் சொல்ல வேண்டி வந்த நாட்களில் அவர் மில்லின் உதட்டசைவுப் பேச்சுக்குத் திரும்பியிருந்தார்; சத்தம் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. அவளுக்கும் குறை தெரியவில்லை. உதடு அசைந்தால் போதும், மைக்செட்டின் குரல் உள்ளுக்குள் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மறுபடி அவள் தோளைத் தொட்டார்.

"இப்ப கேக்குதா?"

கரகரத்து, மெலிந்து, பாதியில் உடைந்த ஒரு கிழக் குரல். அவளுக்கு யாரோ போலிருந்தது. கை தானாகக் காதுக்குப் போனது. மெஷினைக் கழற்றிவிட்டால் அந்த மில் வாசல் குரல் உடனே வந்துவிடும். சாகும்வரை இளமையாகவே இருக்கும். தையல்காரர் வேறு பக்கம் பார்த்தார். புருஷன் மட்டும் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பையனைப் போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கையை மடியில் போட்டுக்கொண்டாள். கண்களை இறுக மூடினாள். உதடு தெரிந்தால் பழைய குரல் இடையில் புகுந்துவிடும்.

"பேசுங்க."

கண் மூடியிருப்பவளிடம் பேசி அவருக்குப் பழக்கமில்லை. இருமினார். மறுபடி இருமினார்.

"என்னத்தப் பேச? தக்காளி தீந்துபோச்சு. போற வழியில வாங்கணும்."

"ம்," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "அப்புறம்?"