நாலு குழுவாகப் பிரிந்த ஷிம்னா

காஞ்சிரப்பாறை தொடக்கப்பள்ளியின் மூன்றாம் வகுப்பில் ஷிம்னா என்ற ஒரே ஒரு மாணவிதான் இருந்தாள். புதன்கிழமைதோறும் காலை பத்தரைக்கு அவள் குழுவுக்கு ஐந்து பேராக நாலு குழுவாகப் பிரிந்து உட்கார்ந்தாள். இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. வாரா வாரம் டீச்சர் எழுத வேண்டிய பாடக் குறிப்பேட்டில் திங்கள் மலையாளம், செவ்வாய் கணக்கு, புதன் இருபது பேருக்குக் குழுச் செயல்பாடு, வியாழன் தோட்டவேலை, வெள்ளி மதிப்பீடு என்று இருந்தது. ஊரில் பிள்ளைகள் நிறைய இருந்த காலத்துக் குறிப்பை ரம்லத் டீச்சர் வருடா வருடம் பார்த்து எழுதிவந்தார். எல்லா டீச்சர்களும் அப்படித்தான் எழுதினார்கள். மேலிடத்தில் கையெழுத்தான குறிப்பை மீற அந்தச் சிறுமிக்குத் தைரியம் போதவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் ஊரில் உதவியது, முட்டை விஷயத்தில் மட்டும் உதவவில்லை. புதனன்று ஆளுக்கொரு முட்டை என்பது அரசாணை. ஆள் ஒன்று என்பது வருகைப் பதிவு. ஆகவே சமையல்காரி நாராயணி சேச்சி ஒரே முட்டையை நூல் வைத்து இருபதாக அறுத்தாள்.

மற்ற பிள்ளைகள் எல்லாம் டை கட்டிக்கொண்டு மஞ்சள் பஸ்ஸில் டவுன் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனார்கள். அங்கே அவர்கள் என்ன படித்தார்கள் என்று பெற்றோருக்குத் தெரியாது, அதனால் மதிப்பு அதிகமாக இருந்தது. ஷிம்னாவின் அம்மா பிரசீதா பீடி சுற்றுகிறவள், பஸ்ஸுக்கு வழியில்லை. பிள்ளைகள் இல்லை என்று பள்ளியை மூடினால் ஷிம்னாவின் படிப்பும் அதோடு சரி. ஆனால் அந்தச் சிறுமியின் கவலை வேறாக இருந்தது.

“டீச்சரே, திங்கக்கிழமையும் பிரியட்டா? விளையாட ஆளே இல்ல.”

“திங்கக்கிழமை மலையாளம் மோளே. குறிப்புல குழு கிடையாது.”

புதன்கிழமை விளையாட்டும் உருப்படவில்லை. ஒளிந்து விளையாடினால் ஒளிகிற பத்தொன்பது பேரும் ஒரே அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தார்கள், தேடுகிறவளும் நேராக அங்கேயே போனாள். தன்னோடு மட்டுமே விளையாடுகிற பிள்ளையின் சலிப்பு பெரியவர்களுக்குப் புரியாது.

ஜூனில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அன்றைய கணக்கில்தான் பள்ளி பிழைப்பதும் சாவதும். அந்த வருடம் பள்ளி திறந்தது புதன், ஆறாவது நாளும் புதன். தலைமையாசிரியர் குஞ்ஞம்பு மாஷ் இதைக் கடவுளின் ஏற்பாடு என்றார். கம்யூனிஸ்ட் கட்சிக்காரரான அவர் அதற்கு முன்பும் பின்பும் கடவுளை நம்பியதில்லை. கொட்டுகிற மழையில் அதிகாரி வந்தார், குடையை மடக்கினார், இருபது தலைகளை எண்ணினார்.

“என்ன மாஷே, எல்லாம் ஒரே சாடையா இருக்கு?”

“ஒரே கிணத்துத் தண்ணி சார்.”

அதிகாரி தலையாட்டிவிட்டு இருபது என்று எழுதிக் கையெழுத்திட்டார். முகத்தைப் பற்றிப் படிவத்தில் கட்டம் இல்லை. குடை கொடுக்க வந்த பிரசீதாதான் வாசலில் நின்று கத்தினாள்.

“மாஷே, நான் ஒண்ணத்தானே அனுப்பினேன்? இதுல என்னோடது எது?”

“எல்லாம் உன்னோடதுதான். நாலு மணிக்கு மொத்தமா வாங்கிக்கோ, இப்பப் போ!”

மூன்றாம் வகுப்பில் இருபது பேர் என்ற செய்தி மலை இறங்கியது. இருபது பேர் போகிற இடத்தில் ஏதோ இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு கட்டியது. மஞ்சள் பஸ்ஸைப் புகழ்ந்த அதே வாய்கள் தாய்மொழிக் கல்வியைப் பற்றிப் பேசத் தொடங்கின. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஒருவர் சேர்ந்தால் புதன்கிழமை ஒரு ஷிம்னா குறைந்தாள், ஏனென்றால் குறிப்பில் இருபதுதான். ஓணத்துக்குள் பத்தொன்பது பேர் சேர்ந்து, ஷிம்னா ஒருத்தியானாள்.

ஓணம் கழிந்த புதனன்று டீச்சர் குழு பிரிக்கச் சொன்னபோது ஷிம்னா சுவரோரம் நின்றாள். அடுத்தவர் இருக்கிற குழுவில் அவள் உட்கார்ந்ததே இல்லை. யாரும் கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். ஆனால் வகுப்பு வேலை எல்லாவற்றையும் இருபது முறை செய்தவள் அவள் ஒருத்திதான்.

“ஷிம்னா, இங்க வாடீ!” என்று நாலு குழுவும் கூப்பிட்டன. யாரையும் நோகடிக்க மனமில்லாமல் அவள் நாலு பேராகப் போய் உட்கார்ந்தாள். ரம்லத் டீச்சர் அடுத்த கேள்வியைப் பலகையில் எழுதினார்.

இடைவேளையில் ஒளிந்து விளையாடினார்கள். ஸஹ்லா என்ற புதுப்பெண் கஞ்சி அண்டாவுக்குள் ஒளிந்தாள். ஷிம்னா நாலு பேராக அலமாரிக்குப் பின்னால் தேடினாள், கிணற்றடியில் தேடினாள், மணி அடிக்கிற வரைக்கும் தேடினாள். கிடைக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.