பத்திரிகையில் ஒட்டிய பெயர்

பதினோராவது சுற்று எண்ணி முடிப்பதற்குள் எங்கள் கட்சி ஆட்சியை இழந்துவிட்டது என்பது தெரிந்துவிட்டது. எங்கள் தொகுதியில் எம்.எல்.ஏ. கலையரசனும் தோற்றார். திருவெறும்பூர் வீட்டில், டிவிக்கு முன்னால், அப்பா கரைவேட்டியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தங்கையன் என்றால் எங்கள் வட்டாரத்தில் கட்சிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பத்தொன்பது வயதில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போஸ்டர் ஒட்டப் போனவர். அறுபத்து மூன்று வயது வரைக்கும் கட்சியிலிருந்து ஒரு டீ கூட ஓசியில் குடித்ததில்லை.

அந்த நேரம் பார்த்து பிச்சமுத்துவிடமிருந்து போன் வந்தது. எனக்கு மாமனாராகப் போகிறவர். ஆறுதல் சொல்லக் கூப்பிடுகிறார் என்று நினைத்து அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"சம்பந்தி, பத்திரிகைல கலையரசன் பேரு இருக்கே, அதை என்ன பண்றது?"

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் புரோகிதர் கிடையாது. யாராவது ஒருவர் தலைமை தாங்கித் தாலியை எடுத்துக் கொடுப்பார், மாப்பிள்ளை கட்டுவார். அவ்வளவுதான் சடங்கு. எனக்கு அறிவு என்று பெயர் வைத்தவரும், அம்மா போனதிலிருந்து தனியாக வளர்த்தவரும் அப்பாதான். அவர் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்தக் கல்யாணத்தில் வேறு எந்த ஆசையும் இல்லை. பிப்ரவரியில் இதே பிச்சமுத்து ஸ்ரீரங்கத்திலிருந்து மூன்று தடவை காரில் வந்து, "எம்.எல்.ஏ. தலைமைன்னு போடுங்க சம்பந்தி, பெரிய எழுத்துல" என்று நச்சரித்தார். ரோடு போடும் கான்ட்ராக்டர் அவர். எந்தக் கட்சி ஆள்கிறதோ அது அவர் கட்சி. அப்பாவும் தேதி வாங்க மூன்று நாள் காலையில் கலையரசன் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். உட்காரச் சொல்ல அங்கே ஒரு நாதி இல்லை. அதைச் சொல்லி அப்பா வருத்தப்பட்டதும் இல்லை, எனக்குத்தான் வயிறு எரிந்தது.

மறுநாளே பிச்சமுத்து வந்தார். பின்னால் சிவசங்கர், எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை, கையில் ஒரு கட்டோடு. பிரித்தால் ஸ்டிக்கர். தங்க நிறத்தில் நாலு விரல் நீளப் பட்டை. அதில் ஜெயித்தவரின் பெயர், ஜனார்தன். முன்னால் 'மாண்புமிகு' வேறு. மந்திரியாகிவிடுவார் என்று இவருக்கு ஒரு கணக்கு.

"கலையரசன் பேரு மேல கச்சிதமா உக்காரும். அளவெடுத்து அடிச்சிருக்கேன். ஜனார்தன்கிட்டயும் பேசியாச்சு, வரேன்னுட்டாரு" என்றார். வாயெல்லாம் பல்.

"மாமா, யார் பேரும் வேணாம். அப்பாவே எடுத்துக் கொடுக்கட்டும்" என்றேன்.

பிச்சமுத்து சிரித்தார். "உங்கப்பா எடுத்துக் குடுக்கறதுக்கு நான் எதுக்கும்மா அவ்ளோ பெரிய மண்டபம் பிடிக்கணும்? அவரு என்ன ஜெயிச்சவரா?"

சிவசங்கரும் சிரித்தான். வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் சிரித்தான், ஆனாலும் சிரித்தான்.

"ஏற்கெனவே ஐந்நூறு பத்திரிகை குடுத்தாச்சே" என்று அப்பா மெதுவாகச் சொன்னார்.

"வீடு வீடாப் போயி ஒட்டிட்டு வந்துடுங்க. நீங்க ஒட்டாத போஸ்டரா சம்பந்தி?"

காறித் துப்பியிருக்க வேண்டும். அப்பா தலையை ஆட்டினார்.

உண்மையிலேயே போனார். மொபெட்டில் ஸ்டிக்கர் கட்டை வைத்துக்கொண்டு, நாற்பது வருடம் தன்னோடு கொடி பிடித்தவர்களின் வீடுகளுக்கு, அவர்களைத் தோற்கடித்தவனின் பெயரை ஒட்டப் போனார். இரண்டாம் நாள் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். கைலாசபுரத்தில் மகளிரணி வீரம்மாள் அத்தை, டிவிக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்த பத்திரிகையை எடுத்து வந்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"ஒட்டிக்கங்கண்ணே. ஆனா நான் வர மாட்டேன்."

அப்பா மடியில் வைத்து ஒட்டினார். ஓரத்தில் காற்றுக் குமிழ் வந்தது. அதைக்கூடக் கட்டை விரலால் தேய்த்துச் சரிசெய்தார். அவருக்கு அரைகுறையாக வேலை செய்யத் தெரியாது. பார்க்கப் பார்க்க எனக்கு அவர் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"ஏம்ப்பா இப்படி?" என்று வழியில் கத்தினேன்.

"பேருதானேம்மா. உன் வாழ்க்கை நல்லா இருந்தா போதும்."

அன்று சாயங்காலம் சிவசங்கருக்குப் போன் செய்தேன். "அப்பாவோட தொழில் அப்படி, அறிவு. ஒரு நாள் கூத்து, பொறுத்துக்கயேன்" என்றான்.

"சரி. ஆனா அந்த ஆளு வரலைன்னா எங்கப்பாதான் எடுத்துக் கொடுக்கணும். சம்மதமா?"

"அவரு வராம இருப்பாரா? சரி, சம்மதம்."

"வாக்கு குடுத்திருக்கீங்க" என்றேன். "அட, சரிங்கறேன்ல" என்றான்.

ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டில் கல்யாணம். கரைவேட்டி கட்டிக்கொண்டு வரக் கூடாது என்று முன்னாலேயே உத்தரவு வந்திருந்ததால், அப்பா வெறும் வெள்ளை வேட்டியில், யார் வீட்டு விசேஷத்துக்கோ வந்தவர் மாதிரி தூணோரம் நின்றார். மேடையில் ஒரு பெரிய நாற்காலி, அதன்மேல் புது டர்க்கி டவல். அது ஜனார்தனுக்கு. பத்தரைக்குள் தாலி கட்ட வேண்டும். பத்தேகாலுக்கும் நாற்காலி காலி. பிச்சமுத்து ஜனார்தனின் உதவியாளருக்கு எட்டாவது தடவையாகப் போன் போட்டார். மண்டபத்து இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரை அமுக்கினார். மேடையில் இருந்த எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"ஐயா மெட்ராஸ்ல இருக்காருங்க. இன்னிக்கு எம்.எல்.ஏ.ங்க எல்லாம் சட்டசபைல பதவி ஏத்துக்கறாங்கல்ல? நீங்க டிவியே பாக்கறதில்லையா?"

பிச்சமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. எந்த ஆட்சி வந்தால் யார் காலில் விழலாம் என்று மூன்று மாதம் முன்கூட்டியே கணக்குப் போடுகிறவருக்கு, ஜெயித்தவன் பதவியேற்கப் போவான் என்பது மட்டும் மறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. இனி அப்பாதான் என்று அவரைத் தேடித் திரும்பினேன்.

அதற்குள் யாரோ, "கலையரசன் கடைசி வரிசைல உக்காந்திருக்காரு" என்றார்கள். ஆட்டோவில் வந்திருந்தார். கூட ஒருத்தரும் இல்லை. பிச்சமுத்து மேடையிலிருந்து குதிக்காத குறையாக ஓடினார்.

"ஐயா! என்னிக்கும் எங்களுக்கு நீங்கதான் ஐயா! வந்து எடுத்துக் குடுங்க!"

தன் பெயர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியது அந்த மனிதருக்குத் தெரியாமலா இருக்கும்? கூப்பிட்டதும் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார். அப்பா தூணை விட்டு நகரவில்லை. அவரை யாரும் கூப்பிடவும் இல்லை.

நான் எழுந்து நின்றேன். "சிவா, எனக்கு என்ன வாக்கு குடுத்தீங்க?"



"உக்காரும்மா. நேரம் போவுது" என்றார் பிச்சமுத்து கீழேயிருந்து.

"உங்கள கேக்கல மாமா. அவரக் கேக்கறேன்."

சிவசங்கர் என்னைப் பார்க்கவில்லை, தன் அப்பாவைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "பெரியவங்க சொல்றபடி செய்வோமே, அறிவு" என்றான்.

மாலையைக் கழற்றினேன். வைக்க இடம் தேடினேன். டர்க்கி டவல் விரித்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது, அதில் வைத்தேன். பிச்சமுத்து கத்த ஆரம்பித்தார். திமிர், வளர்ப்பு, தோற்ற கூட்டம் என்று என்னென்னவோ. அப்பா மேடையேறி வந்தார். கெஞ்சப் போகிறார், காலில்கூட விழுவார் என்று பயந்தேன். என் கையைப் பிடித்தார்.

"வண்டி வெளிய நிக்குது. வா" என்றார்.

காலையில் பூ வாங்கப் போன மொபெட் அது. பட்டுப் புடவையோடு பின்னால் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பாதி வந்தபோது அப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி, எடுத்து, பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரில் போட்டார்.

"சம்பந்தி, திரும்பி வாங்க, பேசிக்கலாம். நீங்களே வேணும்னாலும் எடுத்துக் குடுங்க—"

"பேரு தங்கையன்" என்றார் அப்பா. "இனிமே அப்படிக் கூப்பிடுங்க."

போனை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.