நடந்தே பிடித்த படகு

வில்ஃப் அடுப்பிலிருந்து சூப்பை இறக்கிக்கொண்டிருந்தபோது படகு ஒரே குலுக்காகக் குலுங்கியது. பாத்திரம் நழுவி, கொதிக்கக் கொதிக்க அவர் இடது பாதத்தில் கொட்டியது. அவர் மனைவி க்ளெனிஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். ஒரு நீலப் படகு கரையெல்லாம் அலையடிக்கப் போய்க்கொண்டிருந்தது. அது இழுத்த இழுப்பில் கரையில் அறைந்திருந்த இரண்டு இரும்பு முளைகளும் பிடுங்கிக்கொண்டுவிட்டன. ஒன்பது வருடமாக அவர்களுக்கு வீடாக இருக்கும் படகு கால்வாயின் குறுக்கே திரும்பத் தொடங்கியது.

அவள் கரைக்குத் தாவி, கயிற்றை ஒரு மரத்தில் சுற்றிக் கட்டினாள். திரும்பி வந்து வில்ஃபின் காலைக் குளிர்ந்த தண்ணீர் வாளிக்குள் வைத்தாள். புறங்கால் முழுக்கச் சிவந்து கிடந்தது.

"விடு க்ளெனிஸ். வேணும்னு பண்ணியிருக்க மாட்டாங்க."

"இந்த மாசத்துல இது மூணாவது தடவை. நீ விடு விடுன்னு சொல்லியே எல்லாரும் நம்ம தலைமேல ஓட்டிட்டுப் போறாங்க. வாளியிலேர்ந்து காலை எடுக்காதே, நான் வரேன்."

லாக் கதவின் ஷட்டரைத் திறக்கும் இரும்புக் கைப்பிடியை எடுத்து இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டு கரைப்பாதையில் நடந்தாள். கால்வாயில் யாரும் யாரையும் விட்டு ரொம்ப தூரம் ஓடிவிட முடியாது. ஒரு மைல் தள்ளி, தண்ணீரை வடித்துப் படகைத் தாழ்ந்த மட்டத்துக்கு இறக்கும் கதவு வைத்த தொட்டியான லாக் இருக்கிறது. அதில் இறங்க எவனானாலும் கால் மணி நேரம் நின்றாக வேண்டும். வழியில் அறுந்த தூண்டிலோடு உட்கார்ந்திருந்தவன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"நீலப் படகா? இப்பத்தான் போறான். எனக்கும் சேத்து நாலு வார்த்தை கேளுங்க."

கேட்க வேண்டியதை எல்லாம் அவள் வழி நெடுக மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள்.

லாக்கை அடைந்தபோது நீலப் படகு உள்ளே நின்றிருந்தது. மேல்கதவு மூடியிருந்தது. கீழ்க்கதவின் இரண்டு ஷட்டர்களும் தூக்கியிருக்க, தண்ணீர் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்க்கதவருகே ஐம்பது வயதுப் பெண்ணொருத்தி கைப்பிடியோடு நின்றாள். படகின் பின்பக்கத்தில் சுக்கானில் சாய்ந்தபடி ஒருவன் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

க்ளெனிஸ் வாயைத் திறந்தாள். வந்தது வேறு வார்த்தை.

"ஷட்டரை மூடு. உடனே மூடு."

படகின் பின்முனை, சுவரில் எச்சரிக்கை எழுத்தோடு போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் நின்றது. மேல்கதவுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் விளிம்பில் அது உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் மட்டும் தண்ணீரோடு இறங்கியது. உள்ளே தட்டுகள் சரிந்து உடையும் சத்தம் கேட்டது. அவன் ஃபோனைப் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பெண் உறைந்துபோய் நின்றாள்.

க்ளெனிஸ் ஓடி அவள் பக்கத்து ஷட்டரை இறக்கினாள். கதவின்மேல் நடந்து எதிர்க்கரைக்குப் போய் மற்றதையும் இறக்கினாள். பிறகு மேல்பக்கத்து ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். அவசரப்பட்டால் முன்பக்கம் முழுகிவிடும். ஏறிய தண்ணீர் முன்பக்கத்தைத் தூக்கியது. படகு மட்டத்துக்கு வந்து, விளிம்பிலிருந்து டமாரென்று விடுபட்டது.

அவன் ஏணியில் ஏறி வந்தான்.

"இங்க ஒரு போர்டாவது வெச்சிருக்கலாம்."

"நீங்க சாஞ்சுக்கிட்டிருந்த இடத்துக்கு நேரா ஒரு அடி உயர எழுத்துல இருக்கு. கண்ணு எங்க இருந்துச்சு? நீங்க ஓட்டிட்டுப் போன வேகத்துல என் புருஷன் கால்ல கொதிக்கிற சூப்பு கொட்டிடுச்சு. முளையெல்லாம் பிடுங்கிட்டுப் போச்சு."

"நான் மெதுவாத்தான் வந்தேன் மேடம். வேற யாராவது இருக்கும்."

"நீதான், டெரன்ஸ்," என்றாள் அந்தப் பெண். "மெதுவாப் போ, மெதுவாப் போன்னு மூணு தடவை சொன்னேன். வாயை மூடுன்னு சொன்னே. அந்தக் கோட்டையும் காட்டினேன்."

"ஆட்ரி, இப்ப ஆரம்பிக்காதே."

ஆட்ரி தன் கைப்பிடியைப் புல்லில் போட்டாள். படகுக்குள் இறங்கி ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "வாங்க, முளை அடிக்க ஒரு ஆள் வேணும்ல," என்று க்ளெனிஸிடம் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

"நான் தனியா எப்படி இதை இறக்குறது?" என்றான் டெரன்ஸ். இருவரும் திரும்பவில்லை.

ஒரு மைல் திரும்பி நடந்து க்ளெனிஸின் படகுக்கு வந்தார்கள். படகைக் கயிறு போட்டு இருவரும் கரைக்கு இழுத்தார்கள். ஆட்ரி சம்மட்டியை வாங்கி முளையை அடித்தாள். தலை மண்ணுக்குள் போன பிறகும் அடித்தாள். க்ளெனிஸ் தடுக்கவில்லை. வில்ஃபின் காலைப் பார்த்து ஆட்ரி மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க ஏன் கேக்குறீங்க?" என்று க்ளெனிஸுக்குத்தான் எரிச்சல் வந்தது.

டீ குடித்ததும் ஆட்ரி கேட்டாள், "பஸ் எங்க நிக்கும்?"

"பாலத்தைத் தாண்டி, பப் வாசல்ல. நாலு இருபதுக்கு ஒண்ணு இருக்கு."

ஐந்து மணிக்கு டெரன்ஸ் மூச்சு வாங்க நடந்து வந்தான். சட்டையெல்லாம் சேறு.

"ஆட்ரி இங்க இருக்காளா?"

"பஸ் ஏறிட்டாங்க."

"எங்க?"

"நான் கேக்கல. நீங்க என் புருஷனைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை கேக்கல."

அவன் வாய் திறப்பதற்குள் க்ளெனிஸ் கதவைச் சாத்தினாள். உள்ளே தரையில் சூப் பிசுபிசுவென்று காய்ந்திருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

"பாவம், அவன்," என்றார் வில்ஃப்.

"நீ பேசாதே," என்றாள்.