பவளராணி வீட்டுக் கிணறு

தைத்து முடித்த பன்னிரண்டு துணித் துண்டுகளையும் தையல்கூடத்துத் தரையில் வரிசையாக விரித்துவிட்டுப் பெண்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். இசைவாணி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். முதல் துண்டைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. கடைசித் துண்டுவரை நடந்து போய், திரும்பவும் முதல் துண்டுக்கே வந்தாள். எல்லாவற்றிலும் ஓட்டு வீடு ஒன்று. வீட்டுக்கு முன்னால் கிணறு. பக்கத்தில் பனை. பனையடியில் கட்டிப்போட்ட வெள்ளாடு.

"என்னாங்க இது? அவுங்கவுங்க ஊரத் தைக்கச் சொன்னா, பன்னண்டு பேரும் ஒரே வீட்டத் தச்சி வெச்சிருக்கீங்க."

குழுத் தலைவி தயாபரிதான். அதனால் அவள்தான் வாயைத் திறக்கவேண்டியிருந்தது. "எல்லாம் ஒரே மாதிரி வந்திருக்கேக்கா" என்றாள். அதுதான் தப்பு என்பது அவளுக்கு அப்போதும் புரியவில்லை.

புரியாமல் போனதற்கு இசைவாணியேதான் காரணம். முதுநகரில் சார்லஸ் நடத்தும் டிரஸ்டிலிருந்து இந்த இலங்கைத் தமிழர் முகாமுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க வந்தவள் அவள். வந்த முதல் நாளே அட்டையில் வெட்டிய பேட்டர்னைத் தூக்கிக் காட்டி, இதைத் தாண்டி ஒரு நூல்கூடப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், ஆஸ்பத்திரித் தலையணை உறை, குடிகாடு பக்கத்துக் கம்பெனிகளில் வேலையாட்கள் போடும் மேல்சட்டை எல்லாம் அப்படித்தான் தைத்தார்கள். பாக்கெட்டைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும். திரும்பி வந்ததைப் பிரித்துத் தைத்து முடிக்கும்வரை தைத்தவளை மற்றவர்கள் 'டிசைனர் மேடம்' என்று கூப்பிடுவார்கள். ஆகவே, தங்கள் துண்டுகள் ஒன்றுபோல வந்திருப்பதில் பன்னிரண்டு பேருக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமையே இருந்தது.

இந்தமுறை கேட்டது யூனிஃபார்ம் இல்லை. மெஷின்களை வாங்கிக் கொடுத்த சென்னை அமைப்பின் மேடம், முகாம் பெண்கள் தங்கள் ஊர் நினைவுகளைத் துணியில் தைத்துத் தரவேண்டும் என்று ஆசைப்பட்டார். சனிக்கிழமை சிதம்பரத்தில் கண்காட்சி. அவரே நேரில் வருகிறார். திட்டம் இந்த மாதத்தோடு முடிகிறது. துணி அவருக்குப் பிடித்துப்போனால் மெஷின்கள் முகாமிலேயே இருக்கும். இல்லாவிட்டால் வேறு மாவட்டத்துக்கு லாரி ஏறும். தயாபரிக்கு இது எல்லோரையும்விடக் கொஞ்சம் அதிகமாக உறுத்தியது. அவள் கணவன் கேதீஸ் பெயின்ட் வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, பாதத்தைச் சரியாக ஊன்ற முடியாமல் வீட்டோடு இருக்கிறான். சாயங்காலங்களில் நெல்லிக்குப்பத்துப் பெண்களுக்கு அவள் தைத்துக் கொடுக்கும் ஜாக்கெட்டுகளில்தான் அடுப்பு எரிகிறது. அந்த மெஷினும் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறது.

"உங்க ஊரு, உங்க வீடு, விட்டுட்டு வந்தது, அதத் தைங்க" என்று இசைவாணி சொல்லிவிட்டுப் போனபோது எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். அவளுடைய ஸ்கூட்டி கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் மறைந்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் இங்கே பிறந்தவர்கள், அல்லது கைக்குழந்தையாக வந்தவர்கள். தயாபரி சின்ன வயதில் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், ஊரில் நம் வீடு எப்படி இருக்கும் என்று. "இஞ்ச மாதிரித்தான். ஆனா எங்கட" என்று சொல்லிவிட்டு அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். அதை எப்படித் தைப்பது?

பவளராணி ஒருத்திதான் எட்டு வயதில், தன் காலால் நடந்துவந்து படகேறியவள். பேட்டர்ன் அவளிடம்தான் இருந்தாகவேண்டும். எல்லோருமாகப் போய்க் கேட்டார்கள். முதலில் அவள் இழுத்தடித்தாள். எத்தனையோ வருடமாகிவிட்டது, என்ன இருந்தது, ஏது இருந்தது என்று யாருக்கு ஞாபகம் என்றாள். பிறகு துணியில் குறியிடும் சாக்பீஸை வாங்கி, கூடத்துத் தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்துத் துணியில் போட்டுக்கொண்டார்கள். வரைந்து முடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டாள். அம்மா துணி துவைக்கிற கல் என்றாள். ஆட்டுக்கு அஞ்சலை என்று பெயர் என்றாள். அவள் இவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

இதையெல்லாம் கேட்ட இசைவாணி சார்லஸுக்கு போன் செய்தாள். வெளியே போய் நின்று வெகுநேரம் பேசினாள். திரும்பத் தைக்க நேரமில்லை. மறுநாள் முகாமில் ஆள் கணக்கெடுக்க அதிகாரிகள் வருகிறார்கள். அவரவர் வீட்டு வாசலில் குடும்பத்தோடு நிற்கவேண்டும். இல்லையென்றால் உதவித்தொகை நிற்கும், அதற்கு மேலும் கேள்வி வரும். கடைசியில் உள்ளே வந்து, இருப்பதை இருக்கிறபடியே ஒன்றாக இணைத்துவிடச் சொன்னாள்.

"அங்க யார் கேட்டாலும் எங்க வீடுன்னு சொல்லுங்க. பன்னண்டு வீடும் பன்னண்டு பேரோடது. ஜாஸ்தி பேசாதீங்க, தோ பாருங்க, மெஷினு நிக்கணுமா வேணாமா?"

"அப்ப ஆடும் பன்னண்டாக்கா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். இசைவாணிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கணக்கெடுப்பு முடிந்த அன்று மத்தியானம் தயாபரி இணைக்க உட்கார்ந்தாள். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கப் பவளராணி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். நான்காவது துண்டைக் கையில் எடுத்தவள் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள். முன்னே இணைத்ததைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றில் கிணறு வாசலுக்கு வலப்பக்கம். இன்னொன்றில் இடப்பக்கம். ஒன்றில் வாசல் பனையைப் பார்த்திருந்தது. ஒன்றில் பனைக்கு முதுகைக் காட்டியது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் வரைந்த படத்துக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு ஒருமாதிரியும் அந்தப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு வேறுமாதிரியும் தெரிந்திருக்கிறது. தயாபரி தைத்த துண்டில் வாசலோரம் நீல நிறத்தில் ஏதோ உருண்டையாக இருந்தது.

"இது என்னடி?"

"தண்ணி ட்ரம்முக்கா."

"கிணறு இருக்கிற வீட்டில ட்ரம் எதுக்கு?"

தயாபரி மெஷினை நிறுத்திவிட்டு யோசித்தாள். "வாசல்ல ட்ரம் இல்லாம வீடு எப்புடிக்கா இருக்கும்?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. அவள் பார்த்த எந்த வீடும் அப்படி இருந்ததில்லை.

பவளராணி சிரித்தாள். அப்புறம் சிரிப்பு குறைந்தது. துண்டுகளை மடியில் போட்டு மாற்றி மாற்றிப் பார்த்தாள். "கிணறு எந்தப் பக்கமெண்டு நான் சொன்னனான்?" என்று கேட்டாள். தயாபரிக்குத் தெரியவில்லை. தரையில் வரைந்ததை அன்றே துடைத்தாயிற்று. பவளராணி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனசுக்குள் அந்தப் பழைய வீட்டிலிருந்து அவள் வெளியே வருகிறாள் என்று தயாபரிக்குத் தோன்றியது. வாசலைத் தாண்டியதும் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறாள். கண்ணைத் திறந்தவள், இத்தனை காலமும் அது வலப்பக்கம்தான் இருந்தது, இதைப் பார்த்த பிறகு இடப்பக்கமும் இருக்கிறது என்றாள்.

மண்டபம் முகாமில் இருக்கும் அண்ணனுக்கு போன் போட்டாள். அவர் அவளைவிடப் பெரியவர், தெரிந்திருக்கும். ஸ்பீக்கரில் போட்டதால் தயாபரிக்கும் கேட்டது. அண்ணன் முதலில் விலைவாசியைப் பற்றிப் பேசினார். பிறகு மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேசினார். கிணற்றைப் பற்றிக் கேட்டதும், "எங்கட வீட்டு வளவில ஏது பிள்ளை கிணறு? அது பெரியம்மா வீட்டுக் கிணறு. நாங்கள் அங்க போய்த்தானே அள்ளுறது" என்றார்.

பவளராணி போனை வைத்துவிட்டாள். கிணற்றைப் பிரித்துவிடட்டுமா என்று தயாபரி கேட்டாள். வேண்டாம் என்று பவளராணி தலையசைத்தாள். அடுத்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். இருட்டும் முன்னே பன்னிரண்டும் ஒரே துணியாகிவிட்டது.

சனிக்கிழமை டிரஸ்ட் வேனில் சிதம்பரம் போனார்கள். கீழ வீதிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஒரு பக்கம் பைகள், மேல்சட்டைகள், தலையணை உறைகளை அடுக்கியிருந்தார்கள். மேடைக்குப் பின்சுவரில் நினைவுத் துணி தொங்கியது. தூரத்திலிருந்து பார்க்கும்போதுதான் அது இத்தனை பெரியது என்று தெரிந்தது. கோயிலுக்கு வந்தவர்கள் மின்விசிறிக்காக உள்ளே நுழைந்து, பை விலை கேட்டுவிட்டு, துணியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். பவளராணி நாற்காலியை அதற்கு நேர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டபோதும் போகவில்லை.

மேடம் மூன்று மணிக்கு மேல்தான் வந்தார். சார்லஸ் முன்னால் நடந்து விளக்கிக்கொண்டே வந்தார். துணிக்கு முன்னால் வந்ததும் மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். இசைவாணி தயாபரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மேடம் திரும்பி, இது யார் வீடு, அது யார் வீடு என்று கேட்க, பெண்கள் சொல்லிவைத்தபடி எங்க வீடு, எங்க வீடு என்று சொல்லிக்கொண்டே போனார்கள். தயாபரியும் சொன்னாள். சொல்லும்போது பவளராணி பக்கம் பார்க்கவில்லை.

மேடத்துக்குக் கண் கலங்கியிருந்தது. எல்லோர் மனசிலும் ஒரே வீடு இருக்கிறது பாருங்கள் என்று சார்லஸிடம் சொன்னார். இப்படி ஒன்றை அவர் எங்கேயும் பார்த்ததில்லையாம். சென்னை அலுவலகத்தில் வரவேற்பறைச் சுவர் காலியாகக் கிடக்கிறது, இதை அங்கே மாட்டப்போகிறேன், இன்றைக்கே காரில் கொண்டுபோகிறேன் என்றார். திட்டத்தைப் பற்றி சார்லஸ் மெதுவாக ஆரம்பித்தபோது, அதெல்லாம் கவலைப்படாதீர்கள், மெஷின்கள் அங்கேயே இருக்கட்டும் என்றார். இசைவாணியின் பிடி தளர்ந்தது. தயாபரி கேதீஸுக்கு போன் செய்யலாமா என்று நினைத்தாள்.

அப்போதுதான் பவளராணி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அம்மா, எனக்கு ஒரு துண்டு வேணும்."

மேடத்துக்குப் புரியவில்லை. இசைவாணிக்குப் புரிந்தது. அவள் வேகமாக அருகில் வந்து, "அக்கா, சும்மா இருங்க, இப்பத்தான் சரின்னாங்க" என்றாள் கிசுகிசுப்பாக. பவளராணி கேட்டதையே திரும்பச் சொன்னாள். பன்னிரண்டில் ஒன்று போதும் என்றாள். ஒன்றை எடுத்தால் ஓட்டை விழுந்துவிடுமே, முழுசாக இருந்தால்தானே அழகு என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. ஆனால் முகத்திலிருந்த கலக்கம் போய்விட்டது. சார்லஸைப் பார்த்தார். சார்லஸ் இசைவாணியைப் பார்த்தார். இசைவாணி தயாபரியைப் பார்த்தாள். நீ சொன்னால் கேட்பாள் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

தயாபரிக்குத் தன் மெஷின் நினைவுக்கு வந்தது. மெஷினோடு, அதன்மேல் தைக்காமல் விட்டுவந்திருக்கும் பச்சை ஜாக்கெட்டும் நினைவுக்கு வந்தது. பவளராணி அவளைப் பார்க்கவேயில்லை. துணியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். தயாபரி கைப்பையைத் திறந்தாள். நூல்கண்டுக்கு அடியில், தையல் பிரிப்பதற்காகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்த பாதி பிளேடை எடுத்துப் பவளராணியின் கையில் கொடுத்தாள். மேடம் பக்கம் திரும்பி, "ஒண்ண எடுத்துக்கட்டும் மேடம். அந்த எடத்துக்கு நான் வேற தச்சி வெச்சித் தந்துர்றேன்" என்றாள்.

"அதே மாதிரி வருமா?" என்று கேட்டார் மேடம்.

"வராது மேடம்."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலில் கார் டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பவளராணி மேடையேறி, துணிக்கு மிக அருகில் போய் நின்றாள். இடதுகோடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வீட்டின்மேலும் விரலை வைத்து வைத்து எடுத்தாள். மூன்றாவது வரிசையில் விரல் நின்றது. அங்கே இரண்டு வீடுகள் ஒட்டினாற்போல் இருந்தன, ஒன்றில் கிணறு வலப்பக்கம், மற்றதில் இடப்பக்கம். இரண்டுக்கும் நடுவில் தயாபரி ஓட்டிய தையல் நேராகப் போயிற்று. பவளராணி பிளேடின் முனையை அந்தத் தையலுக்குள் நுழைத்து முதல் நூலை அறுத்தாள். அவள் எடுக்கப்போவது எந்தப் பக்கத்து வீட்டை என்று கீழே நின்றவர்கள் யாருக்கும் தெரியவில்லை. நூல் ஒவ்வொன்றாக விட, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மண்டபத்துச் சுண்ணாம்புச் சுவர் தெரிய ஆரம்பித்தது.