பக்கக் கம்பி

மூன்றாவது புதன்கிழமையும் ரேஸில் கடைசியாக வந்தபோதுதான் சிந்துவுக்குச் சந்தேகம் தட்டியது.

பொம்மசந்திராவைத் தாண்டி உள்ளே போனால் வரும் பெரிய ஏரியில் சின்னதாக ஒரு பாய்மரப் படகு கிளப். ஆறு படகுகள். ஆறும் ஒரே அச்சு. அதே பாய், பாயைத் தாங்கும் அதே மரம், கவிழாமலிருக்க அடியில் அதே எடையில் ஈயக்கட்டை. புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடித்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் ஒரு ரேஸ் ஓட்டுவார்கள். பரிசெல்லாம் கிடையாது. ஆனால் படகுகள் ஒன்றுபோலவே இருப்பதால், தோற்றால் படகைக் குறை சொல்லவும் முடியாது.

சிந்து சுக்கான் பிடிப்பாள். அவளோடு ஒரே டீமில் வேலை பார்க்கும் மகா முன்பாயைக் கவனித்துக்கொள்வாள். ஜூன் வரை இரண்டு பேரும் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஜூலையில் படகுக்குள் யாரோ மண்ணள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மற்றவர்கள் வழுக்கிக்கொண்டு போக, இவர்களுடையது மட்டும் நகர மறுத்தது.

மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பக்கக் கம்பிகளைச் சிந்து தொட்டுப் பார்த்தாள். விறைத்திருந்தன. பலத்த காற்றுக்குத்தான் அவ்வளவு முறுக்க வேண்டும். சாயங்காலத்து மெல்லிய காற்றில் அப்படி இருந்தால் பாய் தட்டையாகி, படகு செத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே அவற்றைத் தளர்த்தியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அந்தப் புதன்கிழமை ரேஸுக்கு முன்னால் அவள் படகுகளைக் கட்டும் ஜெட்டி மேடைக்கு வந்தபோது, க்ளென் அவள் படகில் ஒரு காலை வைத்துக் குனிந்துகொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. க்ளென் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஜூலையில் ஜெயித்ததெல்லாம் அவர்தான்.

"கயிறு அவுந்திருந்துச்சும்மா, கட்டி விட்டேன்" என்று அப்போது சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் அவள் கண்ணுக்கு வேறு மாதிரி பட்டது. ஏன் எப்போதும் முதல் ஆளாக வருகிறார்? ஜெட்டியில் ஏன் இவள் படகுக்குப் பக்கத்திலேயே தன்னுடையதைக் கட்டுகிறார்? "இன்னைக்கு எப்படிம்மா, ஸ்பீட் வருமா?" என்று அவர் கேட்டதில்கூட ஒரு கேலி இருப்பதாகத் தோன்றியது. மகாவிடம் சொன்னாள். "சே, அவர் அப்படிப்பட்டவர் இல்லடி" என்று மகா போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அடுத்த ஞாயிறு சிந்து தனியாக வந்தாள். கம்பிகளைத் தளர்த்திவிட்டு, முறுக்கும் திருகுக்கும் அதன் சட்டத்துக்கும் குறுக்கே சிவப்பு நெயில் பாலிஷால் நேர்க்கோடு ஒன்று இழுத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

புதன்கிழமை கோடு உடைந்து, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக இருந்தது.

ரேஸ் நடத்தும் சுந்தரமூர்த்தி விசிலோடு நின்றுகொண்டிருந்தார். மற்ற படகுக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். சிந்து நேராக க்ளென் முன்னால் போய் நின்றாள்.

"என் படகுல கை வெச்சது நீங்கதானே?"

"என்னம்மா சொல்றே?"

"வாராவாரம் கம்பிய முறுக்கி வெக்கிறீங்க. மார்க் பண்ணி வெச்சிருக்கேன், வந்து பாருங்க. ஜெயிக்கிறதுக்கு இதெல்லாம் ஒரு வழியா சார்?"

சுந்தரமூர்த்தி, "அம்மா, கொஞ்சம் நிதானமா..." என்று இழுத்தார்.

க்ளென்னின் முகம் சிவந்தது. மகாவை ஒருதரம் பார்த்தார். பிறகு லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு நான் ஓட்டல" என்று சொல்லிவிட்டு கார் பக்கம் நடந்தார். குற்றம் இல்லாதவர் இப்படிப் போவாரா என்று சிந்து நினைத்தாள்.

திரும்பும்போது ஓசூர் ரோட்டில் வண்டிகள் அசையாமல் நின்றன. மகா வெகுநேரமாக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிந்து, அது நான்தான்டி."

"எது?"

"கம்பிய முறுக்கினது."

சிந்துவுக்கு உடனே விளங்கவில்லை. மகாதான் தொடர்ந்தாள். "ஜூன் கடைசில ஒருநாள் மழைக்காத்து அடிச்சு படகு சாஞ்சதில்ல? கீழ்ப்பக்கக் கம்பி தொளதொளன்னு ஆடுச்சு. மரம் என் தலை மேலயே விழப்போகுதுன்னு நினைச்சேன். அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்ல. இறுக்கமா இருந்தா விழாதுன்னு..."

"சாஞ்சா அந்தப் பக்கத்துக் கம்பி ஆடத்தான் செய்யும். என்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"கேட்டேன். நீ சிரிச்சே. மறுநாள் லஞ்ச்ல எல்லார் முன்னாடியும் சொல்லி இன்னொரு தரம் சிரிச்சே."

பின்னால் ஒருவன் ஹாரனை விடாமல் அடித்தான். சிந்து வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"க்ளென்னுக்குத் தெரியுமா?"

"போன வாரம் நீ வண்டிய நிறுத்திட்டு வர்றதுக்குள்ள நான் ஸ்பேனரோட நிக்கிறதப் பாத்தார். நீ சொல்லித்தான் செய்யறேன்னு நினைச்சிருப்பார்."

"அப்ப அவர் ஏன் இன்னைக்கு வாயைத் திறக்கல?"

"நான் ஏன் திறக்கலன்னுதான் என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள் மகா.

சனிக்கிழமை காலை சிந்து ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போனாள். க்ளென் கேட்டைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவள் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை கேட்டின் மேல் கையை வைத்தபடியே நின்றார்.

"அந்தப் பொண்ணு முகத்தப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுது. நான் சொன்னா அவ மாட்டிப்பா. அதான் சொல்லல" என்றார். "ஆனா என்னை எல்லார் முன்னாடியும் கேட்டே இல்ல? இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

புதன்கிழமை ஜெட்டியில் சொன்னாள். மகாவின் பெயரை எடுக்காமல், தப்பு தன் படகில்தான், க்ளென் சார் மேல் பழி போட்டது தவறு என்று சொன்னாள். க்ளென் தலையை மட்டும் அசைத்தார். சுந்தரமூர்த்தி, "சரி சரி, காத்து போயிடும், கிளம்புங்க" என்றார்.

மகா அன்று சிந்துவின் படகில் ஏறவில்லை.

"க்ளென் சார் கூப்பிட்டார். எந்தக் கம்பி எதுக்குன்னு ஒண்ணொண்ணா சொல்லித் தரேன்னார். கொஞ்ச நாள் அவர்கூடப் போறேன்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

சிந்து கிளப்புக்குப் புதிதாக வந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். கம்பிகள் அளவாகத் தளர்ந்திருந்தன. படகு பழைய மாதிரி ஓடியது. முதல் மிதவையைச் சுற்றும்போது க்ளென்னின் படகு பக்கத்திலேயே வந்தது. திடீரென்று காற்று ஏறி அது நன்றாகச் சாய்ந்தது. கீழ்ப்பக்கக் கம்பி ஆடியது. மகா நிமிர்ந்து அதைப் பார்த்தாள், க்ளென் ஏதோ சொன்னார், அவள் முன்பாய்க் கயிற்றை இன்னும் இழுத்துப் பிடித்தாள்.

அவர்கள் முந்திப் போனார்கள்.