எண்ணிக்கை சரியாக இருந்தது

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'எண்ணிக்கை மிஸ்'. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். கதவுக்கு வெளியே நின்று சொல்வார்கள், அவளுக்கும் காது இருக்கிறது என்பதை மறந்துவிட்டு. கத்தரிக்கோலோ காந்தமோ குண்டூசியோ, எதுவானாலும் எண்ணிக் கொடுப்பாள், எண்ணி வாங்குவாள். கணக்கு சரியாக வந்து நோட்டில் குறித்த பிறகுதான் இடைவேளை. பிள்ளைகள் கையால் தொட்டுச் செய்து பார்த்துத்தான் அறிவியல் படிக்க வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் மல்லுக்கு நின்று வாங்கிய பாடவேளை அது. ஒரு விரலில் ஒரு கீறல் விழுந்தால் போதும், "நான் அப்பவே சொன்னேனே" என்று அந்த அம்மாள் ஆரம்பித்துவிடுவார். அந்த வாய்க்குப் பயந்துதான் இவ்வளவு எண்ணிக்கையும்.

அன்றைக்குப் பாடம் மின்சாரம். இருபத்து நான்கு பிள்ளைகள். ஆளுக்கு ஒரு குட்டி எல்.இ.டி பல்பு, நாணயம் போல வட்டமான ஒரு பேட்டரி. பல்பின் இரண்டு கால்களுக்கு நடுவே பேட்டரியைச் செருகினால் எரியும், திருப்பிச் செருகினால் எரியாது. ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். தொடங்கும் முன் மூன்று விதிகளை எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைத்தாள். வாயில் வைக்கக் கூடாது. பையில் போடக் கூடாது. தப்பு நடந்தால் உடனே மிஸ்ஸிடம் சொல்ல வேண்டும். மூன்றாவதைத்தான் கூரை அதிரச் சொன்னார்கள். சத்தத்துக்கு என்ன, அது காசா பணமா?

வகுப்பு அமர்க்களப்பட்டது. சிவப்பும் பச்சையுமாய் பல்புகள் எரிந்தன. ஒருத்தி எரிகிற பல்பைக் காதோடு பிடித்துக்கொண்டு, "என் கம்மல் எப்படி இருக்கு?" என்று கேட்க, பக்கத்து பெஞ்செல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சிரித்தாள். மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது டப்பாவை நீட்டினாள். ஒவ்வொருவராக வந்து பேட்டரியைப் போட்டார்கள். இருபத்து நான்கு. நோட்டில் எழுதி அடியில் கோடும் போட்டாள்.

டப்பாவை மூடும்போதுதான் ஒன்று கண்ணை உறுத்தியது. மற்றதெல்லாம் காலையில் அட்டையைக் கிழித்து எடுத்தவை, பளபளவென்று இருந்தன. இது மங்கல். ஓரத்தில் துரு. டீச்சர் ஒரு பல்பை எடுத்து அதில் செருகினாள். எரியவில்லை. திருப்பிச் செருகினாள். அப்போதும் எரியவில்லை.

புது பேட்டரி ஒன்று எங்கோ போய்விட்டது, கணக்கைச் சரிக்கட்ட யாரோ செத்த பேட்டரியைப் போட்டிருக்கிறார்கள். பையில் இருந்தால் பரவாயில்லை, பெஞ்சுக்கு அடியில் இருந்தாலும் பரவாயில்லை. வயிற்றுக்குள் போகும் வழியில் சிக்கியிருந்தால்? எச்சில் பட்ட இடத்தில் அது சதையை வேகவைக்கும், இரண்டு மணி நேரம் போதும் என்று அவள் படித்திருந்தாள். வெளியே மணி அடித்தது.

"யாரும் எழுந்திருக்காதீங்க. இந்தப் பழைய பேட்டரியப் போட்டது யாரு?"

இருபத்து நான்கும் கல்லுளிமங்கன்களாக உட்கார்ந்திருந்தன.

"சொல்ற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போக முடியாது!"

சொல்லி முடிக்கும் முன்பே அத்தனை முகமும் கதவடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. போன வாரமும் இதே வார்த்தைதான். முப்பது குண்டூசியில் ஒன்று குறைந்தது. இடைவேளை முழுக்கப் பிள்ளைகள் பெஞ்சுக்கடியில் தவழ்ந்து தேடின. மதிய இடைவேளையிலும் பாதி போயிற்று. இரண்டு பேர் அழுதார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு பார்த்தால், அந்தக் குண்டூசி அவளுடைய கைப்பையின் வாரில் குத்திக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் எடுத்து டப்பாவில் போட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. குண்டூசி ஆபத்து என்பதையா பிள்ளைகள் அன்றைக்குப் படித்தார்கள்? கணக்கு சரியாக வந்துவிட்டால் மிஸ் ஒன்றும் கேட்க மாட்டாள் என்பதைத்தான் படித்தார்கள்.

டீச்சர் மேசையை விட்டு முன்னே வந்தாள்.

"போன வாரம் ஒரு குண்டூசி காணாமப் போச்சே, அது என் பையிலதான் இருந்துச்சு. சாயங்காலம் பாத்தேன். உங்ககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, சொல்லல. நீங்க தேடினீங்க, அழுதீங்க. தப்பு என்னோடது." "எனக்குக் கணக்கு வேணாம்டா. பேட்டரியும் வேணாம். யாராவது முழுங்கிட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க. திட்டவே மாட்டேன்."

டீச்சர் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது பெஞ்சில் இருந்தவள், தெருமுனை ரேடியோ ரிப்பேர்காரரின் மகள். ஊரே கூப்பிடுவது போல அவளை வகுப்பும் 'ரிப்பேரு' என்றுதான் கூப்பிடும், அவளும் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பாள். இப்போது அவள் கை கழுத்தில் இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் எழுந்தாள்.

"மிஸ், இவ ரொம்ப நேரமா கைக்குட்டையில எச்சில் துப்பிக்கிட்டே இருக்கா. தண்ணி குடுக்கட்டுமா?"

"குடுக்காதே! இப்ப எதுவும் உள்ள போகக் கூடாது!" என்று டீச்சர் பாய்ந்து போய் பாட்டிலைத் தட்டிவிட்டாள். மண்டியிட்டு ரிப்பேருவின் முகத்தைப் பிடித்தாள். "சொல்லுடா கண்ணு. திட்ட மாட்டேன்."

"அப்பா கடையில நாக்குல வச்சுத்தான் பாப்பாரு மிஸ். சுருக்குன்னா உயிர் இருக்கு, இல்லன்னா செத்துப்போச்சுன்னு." ஒவ்வொரு வார்த்தைக்கும் முகம் சுருங்கியது. "நானும் வச்சுப் பாத்தேன். அப்ப அவ கம்மல்னு சொன்னாளா, சிரிச்சுட்டேன். உள்ள போயிடுச்சு. என் பென்சில் டப்பாவுல பழசு ஒண்ணு இருந்துச்சு..."

டீச்சர் அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினாள். வராந்தாவில் எதிர்ப்பட்ட தலைமையாசிரியை, "பேட்டரிய முழுங்கிட்டா" என்று டீச்சர் கத்தியதைக் கேட்டதும் வேறொன்றும் பேசவில்லை. "டிரைவர்! வேனை எடு!" என்று அவர் போட்ட சத்தம் தெரு வரைக்கும் போயிருக்கும். வேனுக்குள் டீச்சர் எண்ணிக்கொண்டே போனாள். கம்மல் பேச்சு வந்தது எப்போது? நாற்பது நிமிடம் ஆகியிருக்குமா? ஐம்பதா? முன்னால் ஒரு லாரி வழிவிடாமல் ஊர்ந்தது. வாழ்நாளில் அவள் வாயில் வராத வசவெல்லாம் அந்த லாரிக்காரருக்குக் கிடைத்தது.

எக்ஸ்ரேயில் தொண்டைக்குக் கீழே வெள்ளையாக ஒரு வட்டம். பிள்ளையை உடனே உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது.

தலைமையாசிரியை போனில் சொன்னதும் ரிப்பேர்காரர் சட்டைப் பையில் டெஸ்டரோடு ஓடி வந்தார்.

"எட்டு வயசுப் புள்ள கையில பேட்டரியக் குடுக்கறீங்களே, உங்களுக்கு அறிவு இருக்கா?"

"குடுத்தது நான்தாங்க. என் தப்புதான்" என்றாள் டீச்சர். பிறகு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். நாக்கு விஷயத்தையும் சொன்னாள். இனி எதையும் மறைக்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

அந்த மனிதர் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கடையில பேட்டரி பாக்கற மீட்டர் இருக்குங்க. கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கு. எடுக்கச் சோம்பேறித்தனம்."

இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. "எடுத்தாச்சு" என்றார் டாக்டர். "லேசா புண் இருக்கு, ஆறிடும். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா இந்தப் பேச்சே வேற. சீக்கிரம் சொன்னாளே, அதுதான் காப்பாத்துச்சு."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ரிப்பேர்காரர் பெருங்குரலெடுத்து அழுதார்.

மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் பிள்ளை அப்பாவைப் பார்த்தாள். பிறகு யாரையோ தேடினாள். டீச்சர் அருகே குனிந்தாள். பிள்ளையின் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"மிஸ், எல்லாரையும் வெளிய விட்டீங்களா?"

மற்ற இருபத்து மூன்று பேரின் விளையாட்டு கெடக் கூடாது என்று, நெருப்பைத் தொண்டையில் வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கிறது. விட்டுவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவள் விடவில்லை. ஓடி வந்த அவசரத்தில் அதைச் சொல்லவே மறந்திருந்தாள்.

"இல்லடா. மறந்துட்டேன்."

"பாவம் மிஸ். போன் பண்ணிச் சொல்லுங்க."

டீச்சர் அங்கேயே நின்று தலைமையாசிரியைக்குப் போன் போட்டாள். மறுமுனையில் "ஹலோ" கேட்டதும் பேச வரவில்லை, அழுகைதான் வந்தது. ரிப்பேர்காரர் எழுந்து வந்து போனை வாங்கி, பிள்ளைகளை விளையாட விடச் சொன்னார்.