பனிக்குக் கட்டிய கயிறு

யோகம்மா தோட்டக் கதவை மூன்றாவது தரமும் இழுத்துச் சாத்தினாள்.

"இஞ்சேர், கொஞ்சம் திறந்து விடன்," என்றார் கட்டிலில் கிடந்த பாலேந்திரா. குரல் வெறும் மூச்சாகத்தான் வந்தது.

"வெளியில பனி கொட்டுது. குளிர் பிடிச்சா என்ன செய்யிறது?"

சொன்ன பிறகுதான் தன் கேள்வி அவளுக்கே உறைத்தது. புற்றுநோய் தின்று முடித்துக்கொண்டிருக்கிற மனுசனுக்குக் குளிர் இனி என்ன செய்யும்?

நகரசபை கொடுத்த நோயாளர் கட்டில் வரவேற்பறையை அடைத்துக்கொண்டு நின்றது. குசினிக்குப் போவதென்றாலும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உடம்பை ஒடுக்கித்தான் போகவேண்டும். பதினொரு வாரமாக அவள் கடைப்பக்கம்கூடப் போகவில்லை.

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் பாலேந்திரா வேலை செய்த துணி ஆலை மூடிய பிறகு, ஊருக்கு வெளியே ஒரு ஜப்பானியத் தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அதைப் பராமரித்த நகாமுறாவுக்கும் அவர் வயதுதான். ஒரு கிளையை வெட்டுமுன் ஒரு பருவம் முழுக்க அதைப் பார்த்திருக்க வேண்டும். உதிர்ந்த இலையை அள்ளாமல் மண்ணுக்கு விடவேண்டும். மரத்தின் கடைசிப் பழம் பறவைக்கு. நகாமுறா சொன்ன இவற்றையெல்லாம் பாலேந்திரா வீட்டுக்குக் கொண்டுவந்தார். கோபம் குறைந்தது, குடி நின்றது. அப்போது யோகம்மாவும் அந்த ஜப்பான்காரரை மனதுக்குள் கும்பிட்டாள்.

ஒக்டோபரில், இரண்டாவது தடவை மருந்து ஏற்றுவதைப் பற்றி வைத்தியர் டெனிஷ் மொழியில் அரை மணித்தியாலம் விளக்கினார். அவளுக்குப் பாதிதான் விளங்கியது. கடைசியில் கணவர் சொன்ன இரண்டு சொற்கள் மட்டும் முழுதாக விளங்கின.

"நை, தாக்."

வேண்டாம், நன்றி. அவளைத் திரும்பியும் பார்க்காமல் சொன்னார். காரில் வரும்போது, "இலை விழுற காலத்தில விழத்தான் வேணும், யோகம். அதோட சண்டை பிடிக்கக் கூடாது," என்றார்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவருடைய தெளிவைக் கண்டு அசந்துபோனார்கள். யோகம்மாவின் கோபத்துக்கு அந்த வீட்டில் நிற்க இடமில்லை.

இப்போது அவர் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். "பனியோட மல்லுக்கட்டாம மரங்கள் எவ்வளவு வடிவா நிக்குதுகள். நகாமுறா சொல்லுறவர்..."

"போதும்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"மார்கழி வந்தா அந்த நகாமுறா என்ன செய்தவர்? நான் சாப்பாடு கொண்டு வரேக்க பாத்தனான். ரெண்டு பேரும் ஏணியில ஏறி நிண்டு ஒவ்வொரு கிளைக்கும் கயிறு கட்டினீங்கள். ஏன் கட்டினீங்கள்?"

"பனிப் பாரத்தில முறிஞ்சிடும் எண்டு."

"முறியட்டும் எண்டு விடேல்லைத்தானே?"

அவர் முகட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மாதக்கணக்கில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"ஓம். கட்டினனாங்கள். நான் அதை யோசிக்கேல்லை, யோகம்," என்றார்.

அவர் உதட்டை நனைக்கத் தண்ணீர் எடுத்துவர அவள் குசினிக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். அதன் பிறகு அவர் பேசவில்லை. மூன்று மணிக்கு ஊசி போட வந்த தாதி கியர்ஸ்டன், ஊசியைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு யோகம்மாவின் தோளில் கை வைத்தாள்.

கோப்பன்ஹேகனிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்த மகள் சயந்தினிக்கு, அப்பா போய்விட்டார் என்று யோகம்மாவே சொன்னாள். பிறகு தொலைபேசி ஓயவில்லை. ஓல்போர்க்கிலிருந்து சிநேகிதி கிளோறியா அழைப்பெடுத்தாள்.

"அமைதியாப் போயிட்டாராம். எல்லாத்தையும் ஏற்றுக்கொண்ட மனுசன். நீங்கள் குடுத்து வைச்சனீங்கள், அக்கா."

"ஓம்," என்றாள் யோகம்மா.

அடுத்து அழைத்தவரும் அதையே சொன்னார். அவருக்கும் "ஓம்" என்றாள்.

ஆட்கள் வரத் தொடங்குவார்கள். அவள் கராஜிலிருந்து பனி தள்ளும் சவளை எடுத்து, வீட்டுச் செருப்போடே தெருவுக்கு இறங்கினாள். வாசலைத் துப்புரவாக்கினாள். தங்கள் வேலி முடிகிற இடத்தில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டைத் தாண்டினாள். அதற்கடுத்த வீட்டையும் தாண்டினாள். கியர்ஸ்டன் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

தெரு வளைகிற இடத்துக்கு அப்பாலிருந்து, சவள் கல்லில் உரசும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.